தானே திருத்திக்கொள்கிறாள்

தேர்வு நடத்த வந்த தம்பி டேப்லெட் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது, வேறு ஏதோ பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இருபத்தேழு என்று இருந்தது.

"இது யாரோடது?"

"இப்ப வெளிய போச்சே, அந்தப் பொண்ணோடதுதான் மேடம்."

"இருக்காது. மறுபடி பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்தால் மாறுமா? நிமிடத்துக்கு இருபத்தேழு வார்த்தை. அதே பெண் முந்தின நாள் என் எதிரில் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வாசித்தாள். நான் குறித்து வைத்திருக்கிறேன், என் கையெழுத்தோடு. "உங்க டேப்ல ஏதோ கோளாறு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடமாகியும் அடங்கவில்லை.

நான் இந்தப் பள்ளியின் வாசிப்பு டீச்சர். வாசிக்கத் திணறும் பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்து, தினமும் நாற்பது நிமிடம் என்னிடம் அனுப்புவார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் அறை முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. இன்னமும் ரப்பர் பந்து வாடை போகவில்லை, ஆணியில் ஒரு கிழிந்த வலை தொங்குகிறது. அலமாரியில் மூன்று தட்டுகள். மேல் தட்டில் எழுத்து அட்டைகள், ஒலியைக் கூட்டிப் பழக. நடுத் தட்டில் ஒரு நிமிடத் தாள்கள், தடங்கலில்லாமல் வாசித்துப் பழக. கீழ்த் தட்டில் கதைப் புத்தகங்கள், வாசித்தது புரிகிறதா என்று பேசிப் பார்க்க. நாற்பது நிமிடத்தை இந்த மூன்றுக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் என் பிழைப்பு. வருடத்துக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். ஒரு வருடம் மேல் தட்டுதான் உயிர் என்பார்கள். அடுத்த வருடம் அதே ஆள் வந்து, எழுத்தைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், வேகம்தான் முக்கியம் என்பார். அதற்கும் அடுத்த வருடம், புரியாமல் வாசித்து என்ன பிரயோஜனம் என்று நம்மையே கேட்பார்.

அந்தப் பெண்ணை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். வயது எட்டு, உருவம் ஐந்து. பேச்சு மட்டும் நாற்பது. மூன்றாம் வகுப்பு. வருடக் கடைசித் தேர்வில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை சரியாக வாசித்தால் நான்காம் வகுப்பு, இல்லையென்றால் மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு வருடம், அவ்வளவுதான். மிளகுக்கு அப்படியில்லை. அவளுடைய தங்கை இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வருவாள்.

"தங்கச்சி பக்கத்துல உக்கார வச்சீங்கன்னா நான் ஸ்கூலுக்கே வரமாட்டேன்" என்று என்னிடம் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிற ஜாதி அவள். ஒரு முறை வகுப்பில் சிரித்தார்கள் என்று அரை நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்தேழு வந்தது வெறும் முன்தேர்வில்தான். கடைசித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. டேப் புதிது, இந்த வருடம்தான் முதல் முறை. ஆள் புதிது. பயந்திருப்பாளோ? அந்தத் தம்பியிடம் கேட்டால், "பயந்த மாதிரியே தெரியல மேடம். என் வாட்ச் என்ன விலைன்னு கேட்டுச்சு" என்றார்.

தலைமை ஆசிரியை தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னார். "அடிப்படை சரியில்ல. எழுத்துல இருந்து மறுபடி ஆரம்பிங்க." கணக்கு டீச்சர் என் தோழி, அவள் ஒன்று சொன்னாள். "வேகமா ஓட்டி ஓட்டிப் பழக்கியிருக்க. புரியாம வாசிச்சா புது தாள்ல தடுக்கத்தானே செய்யும்?" கண் டாக்டரிடம் அனுப்பினோம். கண் கழுகுக் கண் என்று எழுதிக் கொடுக்காத குறைதான்.

நானும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். மூன்று நாள் மேல் தட்டு மட்டும். மூன்று நாள் கீழ்த் தட்டு மட்டும். ஒவ்வொரு நாளும் கடைசியில், அவள் முன்பின் பார்த்திராத ஒரு தாளை எடுத்து, ஸ்டாப்வாட்சை அழுத்தி, ஒரு நிமிடம். ஐம்பது. ஐம்பத்து மூன்று. நாற்பத்தொன்பது. எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் என்னிடம் அவள் ஐம்பதை ஒட்டியே வாசித்தாள். அப்படியானால் அந்த இருபத்தேழு எங்கிருந்து வந்தது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு நாள் மாலை மிளகின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். தேய்த்த சட்டைகள் வரிசையாகத் தொங்க, அதற்குக் கீழே பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வாசித்தாள், மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. முடித்ததும், "என்ன கதை அது?" என்று அவளைக் கேட்டேன். விழித்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அவளக் கேக்காதீங்க டீச்சர், அவளுக்குத் தெரியாது" என்றாள் மிளகு. "அந்த நாய் வேணும்னே தொலஞ்சு போகுது. அந்த வீட்டுல யாரும் அது கூட விளையாடல, அதான்."

வேண்டுமென்றே தொலைந்தது என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நான் வாங்கிப் பார்த்தேன். ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

"எப்பவும் இப்படித்தாங்க" என்றார் அம்மா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "சின்னவ படிப்பா, பெரியவ கதை சொல்லுவா. ரெண்டையும் சேர்த்து ஒண்ணா பெத்திருக்கலாம். ஏன் டீச்சர், பாஸ் பண்ணிடுவாளா? ராத்திரி எல்லாம் அதையேதான் கேக்குறா."

"என்கிட்ட ஐம்பது வாசிக்கிறா" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குழப்பம் கூடியதுதான் மிச்சம். புரிதல் இவ்வளவு நன்றாக இருக்கிறது. வேகம் இருக்கிறது. எழுத்து தெரியாமல் வேகம் வராது. அப்புறம் எதில்தான் ஓட்டை?

இப்போது என் வேலையின் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு தாளைப் பார்த்து வாசிக்கும்போது அதே தாளின் பிரதி என்னிடம் இருக்கும். தப்பாக வாசித்த வார்த்தையின் மேல் ஒரு கோடு கிழிப்பேன். மூன்று விநாடிக்குள் பிள்ளை தானாகவே திருத்திக்கொண்டால், கோட்டின் மேல் 'தி' என்று எழுதுவேன். அது தப்பில் சேராது. இன்னும் சொன்னால், எங்கள் தொழிலில் அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. தன் தப்பு தனக்கே தெரிகிறது என்று அர்த்தம். மிளகின் தாள்களில் 'தி' நிறைந்து கிடக்கும். 'தானே திருத்திக்கொள்கிறாள்' என்று அவளுடைய பதிவேட்டில் மாதாமாதம் எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டு.

நான் எழுதுவது பென்சிலில். கொண்டையில் செருகியிருப்பேன், எப்போதும் ஊசியாகச் சீவி. தாளுக்குக் கீழே வைப்பது ஒரு தகரப் பலகை, விளையாட்டு அறையில் கிடந்தது. சும்மா கோடு போடவும் எனக்கு வராது. தப்பைக் கேட்டதும் வருகிற எரிச்சலெல்லாம் அந்தக் கோட்டில் இறங்கிவிடும்.

அன்றைக்குக் காலையில் பென்சிலைக் கணக்கு டீச்சர் இரவல் வாங்கிப் போயிருந்தாள். பையிலிருந்த நீல ஜெல் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிளகு வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் ஒரு தப்பு. போய்க்கொண்டே இருந்தாள். மூன்றாவது வரியில் இரண்டு. நிற்கவேயில்லை. அப்புறம் நின்று, தாளைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள்.

"இன்னிக்கு பென்சில் இல்லையா டீச்சர்?"

"ஏன்?"

"பேனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

எனக்கு உடனே விளங்கவில்லை. பேனா என்ன சொல்லும்?

"பென்சில்தான் சொல்லும்ல. சர்ருன்னு. அப்ப நான் வேற வார்த்தை சொல்லுவேன். அது சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்." எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல் அவள் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்ததைத்தான் நினைவுபடுத்தினாள். "அதுக்குத்தானே டீச்சர் கீறுறீங்க?"

எழுந்து போய்ப் பென்சிலை வாங்கி வந்தேன். புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். "கதவு" என்று இருந்ததை அவள் சரியாகக் "கதவு" என்று வாசித்தாள். நான் வேண்டுமென்றே சர்ரென்று ஒரு கோடு கிழித்தேன்.

"கட… கனவு" என்றாள். மறுபடி கிழித்தேன். "கழுகு?"

சரியாக வாசித்த வார்த்தையை, தன் கண்ணால் பார்த்த வார்த்தையை, என் பென்சிலுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஆடிப்போனேன். ஒன்றரை வருடமாக இந்தப் பெண் தாளை வாசிக்கவில்லை, என்னை வாசித்திருக்கிறாள். பாதி எழுத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்லி, சத்தம் வந்தால் அடுத்ததைச் சொல்லி, மூன்று விநாடிக்குள் இரண்டு மூன்று வார்த்தைகளைப் போட்டுப் பார்க்கும் சாமர்த்தியம். நானோ ஒவ்வொன்றுக்கும் பெருமையாக 'தி' போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி தப்பைக் குறிக்கும் திரைக்குச் சத்தம் கிடையாது. இருபத்தேழுதான் நிஜம்.

முதலில் அவள் மேல் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பிறகு வெட்கம் வந்தது. அது போகவேயில்லை. அவள் ஏமாற்றவில்லை. வாசிப்பது என்றால் இப்படித்தான், எதிரில் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார் என்று நம்பியிருக்கிறாள். என்னிடம் வரும் மற்ற ஏழு பேரையும் மறுநாள் பேனாவோடு வாசிக்க வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு எண் இறங்கியது. பதினான்கு வருடத்துப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. "இனிமே நான் கோடே போட மாட்டேன். வாசிக்கிறது உனக்குச் சரியாப் படலன்னா நீயே மேசையில தட்டு" என்றேன்.

"சரியாப் படலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நாய் வேணும்னே தொலஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

யோசித்தாள். "அது கதை."

"இதுவும் அதான்."

அவள் நம்பவில்லை. ஒரு நிமிடத் தாளில் கதை இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, ஒரு நிமிடம் முடிந்ததும் தாளைப் பிடுங்கி எண்ணத்தானே தெரியும் எனக்கு. முதல் நாள் நகத்தால் தட்டவே மறந்து, ஓட்டமாக வாசித்தாள். இரண்டாம் நாள் எல்லா வார்த்தைக்கும் தட்டினாள். நான்காம் நாள் "மாடு பறந்தது" என்று வாசித்து, நின்று, டொக் என்று தட்டி, திரும்பிப் போய் எழுத்தெழுத்தாகக் கூட்டி, "மாடு படுத்தது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அலமாரியின் மூன்று தட்டும் சேர்ந்து வேலை செய்ததைப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பதினொரு விநாடி ஆனது. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. முப்பத்தெட்டு. ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் நாற்பத்தைந்தைத் தொட்டுவிடுவாள். கிடைக்காது.

தேர்வு என் அறையிலேயே நடந்தது. நானும் ஓர் ஓரத்தில் உட்காரலாம் என்று விதி. மிளகு தலையை வழித்து வாரிக்கொண்டு வந்திருந்தாள். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள். அந்தத் தம்பி டேப்பை இரண்டு முறை தட்டினார், பக்கவாட்டில் அழுத்தினார், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"சார்ஜ் சுத்தமா போயிடுச்சு மேடம். பரவாயில்ல, தாள்லயே குறிச்சுக்கலாம்னு விதியில இருக்கு. ஒரு பென்சிலும் கீழ வைக்க ஏதாவதும் இருந்தா குடுங்களேன்."

தகரப் பலகை மேசை மேலேயே இருந்தது. அவரே அதை எடுத்துக்கொண்டார். என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. மிளகு என் கையைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ஐம்பதுக்கு மேல் வாசித்துவிடுவாள், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் எந்த விதியையும் மீறவில்லை. கேட்டது அவர். கொடுத்தால் அவள் நான்காம் வகுப்பு. அங்கே நான் கிடையாது, பென்சில் கிடையாது, அவள் வாசிப்பது தப்பென்று சொல்ல ஒரு சத்தமும் கிடையாது. கொடுக்காவிட்டால் தங்கைக்குப் பக்கத்து இடம்.

கை கொண்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பையைத் திறந்து நீலப் பேனாவை எடுத்தேன்.

"பேனாதான் இருக்கு" என்றேன். கொண்டையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மிளகு என்னைப் பார்த்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்தாள்.

தாளில் ஒரு தபால்காரர் மழையில் பேருந்து ஏறுகிறார். மிளகு மெதுவாக, அழுத்தமாக வாசித்தாள். தப்பு விழுந்தபோது அந்தப் பேனா சத்தமில்லாமல் நகர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. டொக். திரும்பிப் போனாள், திருத்தினாள். இன்னும் ஒரு டொக். ஓரத்தில் உட்கார்ந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன், எட்டிப் பிடித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. "மழை நின்றது. தபால்காரர் குடையை மறந்துவிட்டு இறங்கினார்" என்று வாசித்தவள் நின்றாள். சிரித்தாள்.

"மழை நின்னா மறந்துதான் போகும்" என்றாள், அந்தத் தம்பியைப் பார்த்து. "எங்கம்மாவும் அப்படித்தான்."

வாசிடி, வாசி என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் சாவகாசமாக விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மேலே போனாள். ஸ்டாப்வாட்ச் அடித்தது.

நாற்பத்திரண்டு.

அந்தத் தம்பி இரண்டு தரம் எண்ணினார். நல்ல மனிதர், அவருக்கே சங்கடமாக இருந்தது. "மூணு வார்த்தைதான் மேடம்… ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் சொல்லவே வேண்டாம். அந்த மூன்று வார்த்தையும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். குடையைப் பார்த்துச் சிரித்ததில் போயின. இத்தனை நாளாக எந்தச் சிரிப்பு வர வேண்டும் என்று முட்டிமோதினேனோ, அதுவே வந்து அவளைக் கவிழ்த்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

நடைபாதையில் அவள் அம்மா காத்திருந்தார், கடையிலிருந்து ஓடி வந்த வேர்வையோடு. எண்ணைச் சொன்னேன்.

"என்ன டீச்சர் சொல்றீங்க? உங்ககிட்ட ஐம்பது வாசிக்கிறான்னு நீங்கதான சொன்னீங்க? போன மாசம் எழுதியும் அனுப்புனீங்க."

"நான் எழுதுனது தப்பு."

"தப்புன்னா?"

பென்சில், தகரம், கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "சரி, இதை அவகிட்ட யாரு சொல்றது?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் இன்னும் அறைக்குள்தான் இருந்தாள். தேர்வுத் தம்பி போய்விட்டிருந்தார், தாள் மேசையிலேயே இருந்தது. அவள் அதன் மேல் குனிந்திருந்தாள், ஒரு விரல் வரியின் மேல், இன்னொரு கை மேசையின் மேல். டொக். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டொக். தங்கை ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அக்கா, பாஸா? சொல்லு, பாஸா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மிளகு நிமிரவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம். கடைசி வரி வரை போய்விட்டுத்தான் எழுந்து வந்தாள்.

"டீச்சர், அந்தக் குடை அவரோடதே இல்ல. முதல் நாள் வேற யாரோ பஸ்ல மறந்துட்டுப் போனதாம்."

"அப்படியா?" என்றேன். பதினான்கு வருடத்தில் எத்தனையோ தேர்வில் அந்தத் தாளைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

"ஆமா. நாற்பத்தைஞ்சு வரலல்ல?"

"வரல. நாற்பத்திரண்டு."

கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கொண்டையைப் பார்த்தாள்.

"பென்சில் அங்கதான இருந்துச்சு. குடுத்திருக்கலாம்ல டீச்சர்?"

"குடுத்திருக்கலாம்" என்றேன்.

தங்கை ஓடிவந்து அக்காவின் இன்னொரு கையைப் பிடித்தாள். மிளகு அந்தக் கையை உதறினாள். மூவரும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வாசலை நோக்கி நடந்து போனார்கள்.